காலைச் சாப்பாட்டு நேரமும் எங்கள் தைராய்டு மாத்திரையும்: விடுதி நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர் மற்றும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

பெங்களூரு அல்சூரில் தங்கள் அறக்கட்டளை நடத்திவரும் பணிபுரியும் மகளிர் விடுதியின் உணவுக்கூட வாசலில் சென்ற வாரம் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் படித்த பிறகு இம்மடலை எழுதுகிறேன். ஆடி மாதத்திலிருந்து சோதனை முயற்சி என்ற பெயரில் நடந்துவந்த புதிய உணவு ஏற்பாடு தை முதல் நாளிலிருந்து நிரந்தரமாகும் என்றும், காலைச் சாப்பாடு ஆறு மணிக்குத் தொடங்கி ஆறே முக்காலுக்கு முடிந்துவிடும் என்றும், சமையலறை முழுவதும் இந்துப்பே பயன்படுத்தப்படும் என்றும், தைராய்டு உள்ளவர்கள் தனியாகப் போடப்படும் 'பத்திய மேசை'யில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே அறை எண்ணோடு எங்கள் பெயர்ப் பட்டியலும் தொங்குகிறது. எங்கள் நலன் கருதி எடுத்த முடிவு என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவால் எங்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை வார்டனிடம் வாய்மொழியாகச் சொல்லியாயிற்று, குறிப்பேட்டிலும் எழுதியாயிற்று. இரண்டுக்கும் பதில் இல்லாததால் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

எனக்குக் கல்லூரியில் படிக்கும்போதே தைராய்டு சுரப்புக் குறைவு கண்டறியப்பட்டது. 1912ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த, அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிற வகை அது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டு சுரப்பியைத் தாக்கி மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்துவிடும். இதில் நான் தனியாள் இல்லை. பெங்களூரு உட்பட எட்டு நகரங்களில் பெரியவர்களைப் பரிசோதித்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் சுரப்புக் குறைவு இருப்பதாகக் கண்டது; பெண்களிடம் இது ஆண்களைவிட அதிகம். பெண்கள் மட்டுமே தங்கும் விடுதியில் எத்தனை பேருக்கு இது இருக்கும் என்பதற்குத் தங்கள் பட்டியலே சாட்சி.

இந்த நோய்க்கு மருந்து எளியது. சுரப்பி தர முடியாத ஹார்மோனை லெவோதைராக்ஸின் மாத்திரையாக நாள்தோறும் விழுங்குகிறோம். ஆனால் அந்த மாத்திரை பிடிவாதம் மிக்கது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை எதுவும் சாப்பிடக் கூடாது. காப்பிகூடக் கூடாது, ஏனெனில் காப்பி அந்த மருந்து உடலில் சேரும் அளவைக் குறைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். சுரப்புக் குறைவால் மாதவிலக்கில் அதிக உதிரப்போக்கு ஏற்பட்டு, அதனால் ரத்தசோகையும் வந்து, இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்கள் எங்களில் பலர். ஆகவே தைராய்டு உள்ள ஒரு பெண் நன்றாகச் சாப்பிட்டு நன்றாக வாழ்வது, தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட அந்தத் தட்டு எத்தனை மணிக்கு முன்னால் வந்து நிற்கிறது என்பதைத்தான் பெரிதும் பொறுத்திருக்கிறது. தங்கள் சுற்றறிக்கை கவனிக்கத் தவறியது இதைத்தான்.

முன்பு காலைச் சாப்பாடு ஏழு மணி முதல் எட்டே முக்கால்வரை இருந்தது. ஆறரைக்கு எழுந்து மாத்திரையை விழுங்கி, குளித்து, துணி அலசிப் போட்டுவிட்டு நிதானமாக எட்டு மணிக்குக் கீழே இறங்கினால் இட்லியும் சாம்பாரும் காப்பியும் இருக்கும். இப்போது ஆறே முக்காலுக்கு ஷட்டர் இறங்கிவிடுகிறது. தட்டை அறைக்கு எடுத்துச் செல்ல அனுமதி இல்லை, அறையில் கெட்டில் வைத்திருக்கவும் அனுமதி இல்லை. அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்துவிட்டு இரவு பதினொன்றுக்கு மேல் ஒயிட்ஃபீல்டிலிருந்து திரும்புபவர்களும், மருத்துவமனையில் மாலைப் பணி முடித்து நள்ளிரவில் வரும் செவிலியர்களும் ஆறு மணிக்கு எழுந்தால், மாத்திரையையும் இட்லியையும் ஒன்றன்பின் ஒன்றாக விழுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அல்லது சாப்பாட்டை விட்டுவிட வேண்டும். மாதம் தவறாமல் உணவுக் கட்டணம் கட்டிவிட்டு, ஒன்பது மணிக்கு மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்துத் தர்ஷினியில் நின்றுகொண்டே காசு கொடுத்துத் தட்டே இட்லி சாப்பிடும் எங்கள் விடுதிப் பெண்களை எந்த நாளும் பார்க்கலாம்.

ஐந்து மணிக்கு அலாரம் வைத்து மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி தூங்கலாமே என்று வார்டன் கேட்டார். நான்கு பேர் தங்கும் அறையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் படுக்கிறோம். ஐந்து மணி அலாரத்தால் எங்கள் அறையில் நடந்த சண்டைகளை அவரே வந்து தீர்த்துவைத்திருக்கிறார். இந்த நோயின் முதல் அடையாளமே தீராத அசதி என்னும்போது, தூக்கத்தை நடுவில் உடைத்து மருந்து எடுக்கச் சொல்வது நியாயமாகாது. இரவில் படுக்கும் முன் எடுப்பது மருத்துவர்களே ஒப்புக்கொள்ளும் மாற்றுவழிதான். ஆனால் அதற்கு இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். விடுதியில் இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன்னால் கிடைக்காது. ஒன்பதுக்குச் சாப்பிட்டு முடிப்பவர் பன்னிரண்டுவரை மாத்திரைக்காகக் கண்விழித்திருக்க வேண்டும். பிறகு ஆறு மணிச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவும் வேண்டும்.

இதன் விளைவு என் ரத்தப் பரிசோதனைத் தாள்களில் இருக்கிறது. டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது கூடும், மிகுந்தால் குறையும். ஆடிக்கு முன்பு எனக்கு அதன் அளவு 3க்குக் கீழே சீராக இருந்தது. புரட்டாசியில் பார்த்தபோது 9ஐத் தாண்டியிருந்தது. மாத்திரை அளவு அதேதான், கடையும் அதேதான். சாப்பாட்டு நேரம் மட்டும் மாறியிருந்தது. முடி கொத்தாகக் கையோடு வந்தது, மலச்சிக்கல் திரும்பியது, மதியத்துக்கு மேல் கணினித் திரையில் எழுத்துகள் மிதந்தன. மருத்துவர் 75 மைக்ரோகிராமை 100 ஆக உயர்த்தினார். ஐப்பசி பிற்பாதியில் தங்கையின் பிரசவத்துக்காகத் திருவண்ணாமலைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய்க் கார்த்திகை முழுவதும் தங்கினேன். அங்கே வழக்கம்போல் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேர இடைவெளி இருந்தது. மருந்து முழுதாக உடலில் சேரத் தொடங்கியதும் படபடப்பும் கைநடுக்கமும் தூக்கமின்மையும் வந்தன. பரிசோதித்தால் டி.எஸ்.எச். இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போயிருந்தது. அளவை மறுபடியும் 75க்கே குறைத்தார்கள். இந்த ஹார்மோன் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஆறு முதல் எட்டு வாரம் காத்திருந்துதான் சரியாயிற்றா என்று பார்க்க முடியும். ஆக, ஆடியிலிருந்து மார்கழிவரை என் உடம்பு தங்கள் சாப்பாட்டு அட்டவணைக்கும் மருந்துச் சீட்டுக்கும் நடுவில் அல்லாடியது. ஊர் மருத்துவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உனக்கு டோஸ் சரியாத்தாம்மா இருந்துச்சு. அத முழுங்கற நேரம்தான் கெட்டுப்போச்சு."

அடுத்தது பத்திய மேசை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, வேர்க்கடலை, பால், கோதுமை ஆகியவை அங்கே கிடையாது. பதிலாகக் காலையில் ஒரு டம்ளர் சோயாப் பாலும் கம்பங்கஞ்சியும், வாரம் மூன்று நாள் மதியம் மீல் மேக்கர் குருமாவும் தருகிறார்கள். இதை வகுத்துக் கொடுத்தவர் ஆடியில் விடுதிக்கு வந்து சொற்பொழிவாற்றிய ஆரோக்கிய ஆலோசகர் என்பதை அறிவேன். அவர் வகுத்த முறையை அவருடைய காரணங்களை வைத்தே பார்ப்போம். முட்டைக்கோஸ் குடும்பக் காய்கள் தைராய்டின் வேலையைத் தடுக்கும் என்று விலக்கினார். அக்காய்களில் அப்படிப்பட்ட சேர்மங்கள் இருப்பது உண்மைதான். வேகவைக்கும்போது அவை பெருமளவு குறைந்துவிடுகின்றன என்பதும் உண்மை. நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு மேல் பச்சையாகச் சீன முட்டைக்கோஸ் வகையைத் தின்றுவந்த ஒரு மூதாட்டி சுரப்புக் குறைவு முற்றி மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வந்த நிகழ்வு 2010இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. நம் மெஸ்ஸில் தேங்காய்ப்பூ தூவி வைக்கும் ஒரு கரண்டிப் பொரியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

காயை விலக்கியவர் கொண்டுவந்து வைத்த கம்பிலும் அதே வேலையைச் செய்யும் சேர்மங்கள் உண்டு. சூடான் நாட்டின் டார்ஃபர் பகுதியில், அயோடின் குறைவோடு கம்பையே முதன்மை உணவாகக் கொண்ட மக்களிடம் கழுத்துக்கழலை மிகுந்திருந்ததற்குக் கம்பும் ஒரு காரணம் என்று 1980களில் ஆய்வாளர்கள் கண்டார்கள். கம்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் தொட்டுக்கொண்டு கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவள் நான், இன்றும் விரும்பிக் குடிப்பேன். ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் முட்டைக்கோஸை அஞ்சி ஒதுக்கிவிட்டு, அயோடின் இல்லாத உப்புப் போட்ட கம்பங்கஞ்சியை நாள்தோறும் ஊற்றுவது எந்தக் கணக்கில் பத்தியமாகும்? சோயா, மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்கும் உணவுகளில் முதல் வரிசையில் இருப்பது. அதை மாத்திரை விழுங்கிய கால் மணி நேரத்தில் கையில் கொடுக்கிறீர்கள். மதியக் குருமாவில் வரும் சோயாவால் எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை, ஏனெனில் அதற்குள் மாத்திரை தன் வேலையை முடித்துவிடுகிறது. பாலுக்கும் கேழ்வரகுக் கஞ்சிக்கும் இதே விதிதான். இரண்டிலும் உள்ள கால்சியம் மாத்திரையோடு சேரும்போதுதான் சிக்கல், பத்து மணிக்குக் குடித்தால் உடம்புக்கு நல்லது.

இன்னொன்றையும் குழு கவனிக்க வேண்டும். பட்டியலில் உள்ள ஒரு தோழிக்கு இருப்பது சுரப்புக் குறைவே அல்ல, சுரப்பு மிகை. அவர் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை எடுக்கிறார், சாப்பிடச் சாப்பிட மெலிகிறார், எலும்பு வலுவிழக்கும் ஆபத்தும் அவருக்கு உண்டு. அவருக்குத்தான் பாலும் நெய்யும் வயிறார உணவும் முதலில் வேண்டும். தைராய்டு என்ற ஒரே பெயரைப் பார்த்துவிட்டு அவரையும் எங்களோடு உட்கார வைத்துப் பாலை மறுத்திருக்கிறீர்கள்.

உப்பைப் பற்றி நேர்மையாகவே பேசுகிறேன். முழு அளவு மாத்திரை எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு உப்பில் அயோடின் இருப்பதும் இல்லாததும் பெரிய மாற்றத்தைச் செய்யாது; எங்களுக்கு வேண்டிய ஹார்மோன் மாத்திரையிலேயே வந்துவிடுகிறது. பாதிக்கப்படப்போவது பட்டியலில் இல்லாத மற்ற பெண்கள். 1950களில் காங்கிரா பள்ளத்தாக்கில் பேராசிரியர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பால் கழுத்துக்கழலை குறைவதைக் காட்டியது. 1962இல் அதற்கெனத் தேசியத் திட்டமே தொடங்கப்பட்டது. 2006 மே 17 முதல் நேரடி உணவுப் பயன்பாட்டுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பது நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. இத்தனை ஆண்டு உழைப்பால் வந்த பயனை ஒரு சொற்பொழிவைக் கேட்டு நம் சமையலறை கைவிடுகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடினும் கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்துப்பில் இயற்கையாக இருப்பது மிகச் சொற்பம். கருவுற்ற முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. திருமணமாகி, கணவர் ஓசூரிலோ கோவையிலோ வேலை பார்க்க, வார இறுதியில் மட்டும் ஊருக்குப் போய்வரும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். மூன்று வேளையும் விடுதி உப்பைத்தான் அவர்கள் சாப்பிடுகிறார்கள். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் மூடி இல்லாமல் இருக்கும் அந்த நீல உப்பு டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: அயோடின் உப்பே வாங்கினாலும் சூட்டிலும் ஈரத்திலும் திறந்து வைத்தால் அயோடின் குறைந்துகொண்டே போகும். மூடி போட்ட பாத்திரத்தில் வைத்து, குழம்பு இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டாலே நல்லது. சமையல் பொறுப்பிலுள்ள அக்காவிடம் சொன்னேன், உடனே மூடி தேடினார். அவர் கேட்கும் இரண்டு எவர்சில்வர் தூக்குகளை வாங்கித் தந்தால் போதும்.

எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது, அந்தச் சொற்பொழிவில் பத்தியத்தை மூன்று மாதம் கடைப்பிடித்தால் மாத்திரையை விட்டுவிடலாம் என்று சொல்லப்பட்டதுதான். அதை நம்பி இரண்டாம் மாடியில் ஒருவர் மாத்திரையை நிறுத்தினார். சில வாரங்களில் முகம் உப்பி, குரல் கரகரத்து, பட்டப்பகலில் தையல் இயந்திரத்துக்கு முன்னால் தூங்கி விழும் நிலைக்கு வந்து, பீன்யா ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கினார். மருத்துவமனைக்கு நாங்கள்தான் அழைத்துப் போனோம். ஹஷிமோட்டோ வகையில் செயலிழந்த சுரப்பியை எந்தக் கஞ்சியும் திரும்ப வேலை செய்ய வைத்துவிடாது. நல்ல உணவு எங்களுக்கு வேறு வகையில் உதவும்: சுரப்புக் குறைவால் கூடும் கொழுப்பைக் கட்டுக்குள் வைக்கும், மலச்சிக்கலைத் தீர்க்கும், அசதியைக் குறைக்கும். அதற்குத் தேவையான கீரையும் பருப்பும் சுண்டலும் முட்டையும் பழமும் எல்லாப் பெண்களுக்கும் தேவையான உணவுதான். வாரம் நான்கு மாலை பஜ்ஜியும் போண்டாவும் போடுவதை ஒரு மாலையாகக் குறைத்துவிட்டு அந்தச் செலவில் சுண்டல் போட்டால், பட்டியலில் உள்ளவர்கள் இல்லாதவர்கள் என்ற பேதமின்றி அனைவருக்கும் பயன்படும்.

பெயர்ப் பட்டியலைப் பற்றிச் சொல்லக் கசப்பாக இருக்கிறது. அது தொங்கும் இடத்துக்கு எதிரில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோரும் உறவினரும் வந்து உட்காரும் நாற்காலிகள் இருக்கின்றன. பெண்ணுக்குத் தைராய்டாம் என்ற ஒரு சொல் மாப்பிள்ளை வீட்டாரை எப்படிப் பின்வாங்கச் செய்கிறது என்பது நிர்வாகக் குழுவிலுள்ள அம்மையார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப் பின்வாங்குவது தவறு என்பதே என் கருத்து. மாத்திரையை முறையாக எடுக்கும் பெண் வேலை பார்க்கலாம், மருத்துவர் கண்காணிப்பில் ஆரோக்கியமான பிள்ளையும் பெறலாம். ஆனால் அதை யாரிடம், எப்போது சொல்வது என்பதை அந்தப் பெண்தான் முடிவுசெய்ய வேண்டும், அறிவிப்புப் பலகை அல்ல. பத்திய மேசையில் உட்கார்ந்த பிறகு, பரிமாறுபவர்கள்கூட எங்கள் உடம்பை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சோற்றைக் குறைத்து வைக்கிறார்கள். சுரப்புக் குறைவால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோக்கள்தான், அதிலும் நீர்தான் அதிகம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கிறேன். காலைச் சாப்பாட்டு நேரத்தை எட்டே முக்கால்வரை மீண்டும் நீட்டிக்க வேண்டும். எரிவாயுச் செலவும் ஆள் பற்றாக்குறையும் காரணமென்றால், ஆறு மணிக்குச் சமைத்ததையே ஹாட்பாக்ஸிலும் காப்பியை ஃபிளாஸ்கிலும் வைத்துவிடுங்கள். நாங்களே எடுத்துப் போட்டுக்கொள்கிறோம், பாத்திரத்தையும் கழுவி வைக்கிறோம். ஷட்டரை மட்டும் இறக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குத் தொடங்கினால் இரவில் மாத்திரை எடுப்பவர்களுக்கும் வழி பிறக்கும்.

பத்திய மேசையை அடியோடு நீக்க வேண்டும். மருத்துவரின் எழுத்துக் குறிப்போடு யாராவது தனியுணவு கேட்டால் அவருக்கு மட்டும் அதைத் தாருங்கள். இந்துப்பு வாங்கும் ஆணையை ரத்துசெய்து, அயோடின் சேர்த்த உப்பையே பயன்படுத்த வேண்டும். பெயர்ப் பட்டியலை இன்றே கழற்ற வேண்டும். மாத்திரையை நிறுத்தலாம் என்ற பேச்சுக்குக் குழுவின் ஒப்புதல் இல்லை என்று அதே பலகையில் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இனி விடுதிக்குள் நோய் பற்றி யாரைப் பேச அழைத்தாலும், அவர் பதிவுபெற்ற மருத்துவரா அல்லது தகுதிபெற்ற உணவியல் வல்லுநரா என்பதைச் சரிபார்த்த பிறகே அழைக்க வேண்டும்.

சுற்றறிக்கை நடைமுறைக்கு வரும் தை முதல் நாளுக்குள் குழுவைச் சந்தித்துப் பேச எங்களுக்கு ஒரு நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிறகென்றால் எல்லோராலும் வர முடியும். சம்மதம் தெரிவித்த தோழிகளின் பரிசோதனைத் தாள்களும் என்னுடையதும் அப்போது குழுவின் பார்வைக்கு வைக்கப்படும்.

இப்படிக்கு,
விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண்,
அல்சூர், பெங்களூரு.